எஸ்ஃபந்த் முப்பதாம் நாள்

அன்று காலை, நாட்காட்டிகளைக் காக்கும் நாள்காவலரின் வீட்டு முன்னறையான நாள்மனையில் இருந்தவர்கள் நால்வர். நாள்காவலர் ஆவுடையப்பன், அவருடைய மருமகள் உலகம்மை, வளிநிலைய அதிகாரி தேவசகாயம், பாரசீகச் சபையின் தலைவி மெஹ்ரங்கீஸ் கானும், அதாவது மெஹ்ரங்கீஸ் அம்மையார். வேறு யாரும் இல்லை. தாமும் அந்த அறையில் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஏழெட்டுப் பேர் இன்னும் செங்குழியில் உலவுகிறார்கள். அவர்கள் அப்போது தத்தம் வீட்டில் இருந்தார்கள்.

செங்குழியில் காற்று தானாக வருவதில்லை. நாளுக்கு ஒரு முறை, புதிய தேதி பிறக்கும்போது, நாள்மணி அடிக்கும். அடித்த கால் மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் திரை பதித்த மேசையின் முன்னால் நின்று, அதில் தெரியும் தேதியை வாய்விட்டுப் படித்து, உள்ளங்கையை வைத்து, ‘ஆம், இன்று இந்த நாள்தான்’ என்று ஒப்ப வேண்டும். இதற்கு நாளொப்பம் என்று பெயர். மேசையின் தேதியும் ஒப்பமும் வளிநிலையத்தின் நாள்பட்டியலோடு பொருந்தினால் அந்த வீட்டின் காற்றுவாய் அடுத்த மணி வரை திறந்திருக்கும். பொருந்தாவிட்டால் மூடிக்கொள்ளும். வாசல் கதவும் பூட்டிக்கொண்டு, அதன் மேலே சிவப்பு விளக்கு எரியும். பிள்ளைகள் பல் துலக்கக் கற்றுக்கொள்ளும் வயதிலேயே இதையும் கற்றுக்கொண்டார்கள்.

செங்குழி இருக்கும் செவ்வாய்க் கோளின் பகலிரவு பூமியின் பகலிரவைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளம். மக்கள் வெயிலைச் செவ்வாயிடமிருந்தும் தேதியைப் பூமியிடமிருந்தும் பெற்று வாழ்ந்தார்கள். ஆகவே நாள்மணி சில வாரம் விடியலில் அடிக்கும், சில வாரம் மாலையில் அடிக்கும். தேதி எது என்ற குழப்பம் மிக எளிதில் வரும். எழுபத்தொரு ஆண்டுகளுக்கு முன் குழியின் வடக்குப் பகுதியான வடகோளத்தின் மேசைகள் ஒரு நாள் பின்தங்கிவிட்டன. குழாய்களைக் கழற்றிக் கழுவுவதற்காக வெளிக்கதவுக்குக் காற்றுத்தடுப்பு வைக்கும் நாள் முந்தின நாளே முடிந்துவிட்டது என்று அறியாமல் வடகோளத்தார் வெளிக்கதவைத் திறந்தார்கள். முப்பத்தொரு பேர் இறந்தார்கள். நாளொப்பம் அதன் பிறகு வந்த சட்டம். எந்த வீட்டு மேசையையும் தூரத்திலிருந்து தொடும் அதிகாரமும் அன்றே வளிநிலையத்திடமிருந்து பறிக்கப்பட்டது. ஒரு வீட்டின் நாட்காட்டியை அந்த வீட்டுத் தலைவரின் கை மட்டுமே மாற்ற முடியும், அதுவும் மணி அடிப்பதற்கு முன்பு.

மேசைகளில் தொடக்கத்தில் செந்தர நாள் ஒன்றுதான் இருந்தது. பூமியில் பெரும்பாலோர் வைத்திருக்கும் அதே பன்னிரண்டு மாதங்கள், அதே எண்கள். பிறகு, தங்கள் நாளும் தங்கள் எண்ணும் மேசையில் இருக்க வேண்டும் என்று எண்ணூற்று நாற்பது தமிழ் வீட்டார் போராடினார்கள். மன்றம் ஒரு நிபந்தனையோடு இணங்கியது. நாட்காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் தன் பெயரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். ஆவுடையப்பனின் பாட்டனார், அவர் பெயரும் ஆவுடையப்பனே, முன்வந்தார். அன்றிலிருந்து மேசைகளின் அடியில் ஒரு வரி தெரியும்: ‘நாள்: ஆவுடையப்பன் இல்லத்தார் பொறுப்பு.’ மூன்று தலைமுறைகளில் அந்த வரிக்குக் கீழே ஒரு பிழையும் நடந்ததில்லை.

அதனால்தான் நூற்றுப் பன்னிரண்டு பாரசீக வீட்டார் தங்கள் நாட்காட்டிக்காகப் போராடி வென்றபோது, பொறுப்பேற்கும்படி பேரன் ஆவுடையப்பனிடம் வந்தார்கள். அவர் மூன்று ஆண்டுகள் உழைத்தார். முதல் ஆறு மாதங்களுக்கு முப்பத்தொரு நாட்கள், கடைசி மாதமான எஸ்ஃபந்துக்கு இருபத்தொன்பது அல்லது முப்பது, வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, அதனுள்ளே இடமிருந்து வலமாக நிற்கும் எண்கள், கவிழ்த்த இதயம் போன்ற ஐந்து, அரபு எழுத்தின் நான்கிலிருந்து வேறுபட்ட நான்கு, எதையும் அவர் தோராயமாக விடவில்லை. ஆவுடையப்பன் இல்லத்தாராகிய எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. சமைத்தவன் முதலில் உண்ண வேண்டும். புதிய நாட்காட்டி வெளிவந்த அன்றே தம் வீட்டு மேசையைப் பாரசீக நாளுக்கு மாற்றினார். ஐந்து ஆண்டு அதிலேயே வாழ்ந்து பார்த்த பிறகுதான் தமிழ் நாளுக்குத் திரும்புவது என்று முடிவு செய்திருந்தார். அது நான்காவது ஆண்டு.

அந்த வாரம் மணி முற்பகலில் அடித்துக்கொண்டிருந்தது. தேவசகாயம் வழக்கம்போல ஏழு மணிக்கு முத்திரை வாங்க வந்திருந்தார். பூமியிலிருந்து வளிநிலையத்துக்கு வரும் நாள்பட்டியலில் நாள்காவலர் தினமும் முத்திரை வைக்க வேண்டும். கொடுப்பவரும் பட்டியலைப் படிப்பதில்லை, வைப்பவரும் படிப்பதில்லை. முத்திரை விழும் நேரத்தில்தான் மெஹ்ரங்கீஸ் கானும், சிவப்பு நாடா கட்டிய முளைக்கோதுமைத் தட்டோடு உள்ளே வந்தார்.

“நாளைக்கு மணி அடிச்சதும் எங்களுக்கு நவ்ரோஸ். குடும்பத்தோட வரணும் அண்ணாச்சி. போன வருஷம் மாதிரி வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு ஓடிரக் கூடாது.”

“நாளைக்கா?” என்றார் ஆவுடையப்பன். “இன்னிக்கு மணிக்கே வருஷம் பிறந்திரும் கானும். இப்ப எஸ்ஃபந்த் இருபத்தொன்பது. மணி அடிச்சா ஃபர்வர்தீன் ஒண்ணு. மேசையைப் பாருங்க.”

“எங்க வீட்டு விசேஷத்துக்கு நான் எதுக்கு மேசையைப் பாக்கணும்? இன்னிக்கு எஸ்ஃபந்த் முப்பது பிறக்கும். நாலு வருஷத்துக்கு ஒருக்கா வாற நாள். நாளைக்குத்தான் நவ்ரோஸ்.”

தேவசகாயம் சிரித்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு தேதி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு தேதின்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு!”

“அண்ணே, நீங்க முத்திரையை வாங்கிட்டுச் சும்மா இருங்க,” என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. “கானும், பகலும் இரவும் சமமாகுத நேரம் இந்த வருஷம் தெஹ்ரானில் பிற்பகல் மூன்றரை மணி. சூரியன் மறைய அதுக்கு மேல ரெண்டரை மணி நேரத்துக்கும் அதிகமாவே கிடக்கு. அப்ப அன்னைக்குத்தானே முதல் நாள்?”

“சூரியன் மறையுததுக்கும் நவ்ரோஸுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் கானும். அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. “நண்பகல்தான் கணக்கு. தெஹ்ரானில் நண்பகலுக்கு முன்னால வந்தா அன்னைக்கு. பின்னால வந்தா மறுநாள். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

ஆவுடையப்பன் உலகம்மையைப் பார்த்தார்.

தமிழ் மாதம் பிறக்கும் முறை வேறு. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் அந்தி சாய்வதற்குள் வந்தால் அன்றே முதல் நாள். சாய்ந்த பிறகு வந்தால் மறுநாள். பாட்டனார் எழுதிய வரி அது. தகப்பனார் திருத்தாமல் விட்ட வரியும் அது. பாரசீக நாட்காட்டியின் ஆயிரம் நுணுக்கங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிய ஆவுடையப்பன், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நாள் என்றால் அந்தியில் முடிவது என்பது அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாகவே தோன்றவில்லை. முதல் ஆண்டு அந்த நேரம் இரவு பத்து மணிக்கு வந்தது. அடுத்த ஆண்டு விடியற்காலையில் வந்தது. மூன்றாம் ஆண்டு காலை ஒன்பதரைக்கு மேல் வந்தது. இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தந்தன. நண்பகலுக்கும் அந்திக்கும் நடுவே அது வந்து விழுந்தது இந்த ஆண்டுதான்.

உலகம்மை மேசையைத் திறந்து அந்த வரியைத் தேடிப் படித்தாள். “மாமா,” என்றாள் மெதுவாக. “அந்தின்னுதான் இருக்கு.”

தேவசகாயம் முதன்முறையாகத் தம் பட்டியலைப் படித்தார். அதில் எஸ்ஃபந்த் முப்பது என்று தெளிவாக இருந்தது. பதினொன்றரைக்கு மணி அடிக்கும்போது பாரசீக நாளில் இருக்கும் ஒவ்வொரு மேசையும் ஃபர்வர்தீன் ஒன்று என்று காட்டும். ஒன்றும் பொருந்தாது. பாரசீகத் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு காற்றுவாய்களும் மூடும். மூடிய வீட்டைக் கைச்சாவியால் ஆள் நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். சாவிகள் எட்டு. ஒரு வீட்டுக்கு அரை மணி. பூட்டிய வீட்டில் மிஞ்சும் காற்று ஆறு மணி நேரம். அதற்குள் தொண்ணூற்றாறு வீடுகளைத் திறக்கலாம்.

“பதினாறு வீடு மிச்சம்,” என்றார் தேவசகாயம். அவர் இப்போது சிரிக்கவில்லை.

பிழையைத் திருத்த வழியில்லை. நாட்காட்டியின் ஒரு வரியை மாற்றினாலும் ஒரு நாள் முழுக்கச் சோதனை உண்டு. ஒரே வழி, வீட்டுத் தலைவர்கள் தத்தம் கையால் மேசையைச் செந்தர நாளுக்கு மாற்றுவது. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். நாள்காவலரின் பிழையால் அடுத்தவர் வீட்டுக்கு ஆபத்து நேர்ந்தது என்றால் அந்தக் குடும்பத்தின் பெயர் மேசையிலிருந்து நீக்கப்படும் என்பது சட்டம். அறையில் இருந்த நால்வருக்கும் அது தெரியும்.

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். “அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நிலையத்துல இருந்து ஒரு ஒத்திகைன்னு அறிவிச்சிருதேன். எல்லாரும் ரெண்டு நாள் செந்தர நாளுக்கு மாறணும், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க பேரு அப்படியே நிக்கும்.”

“நாளைப் பத்திப் பொய் சொல்லுதவன் நாள்காவலன் இல்லை, தேவசகாயம்.”

“பொய்யில்லை அண்ணாச்சி, ஒத்திகை...”

“நீ சொன்னது நல்ல எண்ணத்துல. அதனால கோவப்படாம இருக்கேன்.”

அப்போது கானும் எழுந்து வந்து மேசையின் ஓரத்தில் கையை ஊன்றினார். அவர் முகம் வெளுத்திருந்தது. “அறிவிக்க வேண்டாம் அண்ணாச்சி. எங்க ஆட்களை நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் ஆகாது. என்னை நம்புங்க.”

“நூத்திப் பன்னிரண்டு வீட்டையும் நீங்க ஒருத்தரே எப்படிப் பாப்பீங்க?”

“ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதேன்ல.”

“என் பேரைக் காப்பாத்தணும்னு நினைக்கீங்க. அது உங்க பெருந்தன்மை. ஆனா, உயிரைப் பணயம் வச்சு என் பேரை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.”

கானும் முளைக்கோதுமைத் தட்டைக் கையில் எடுத்து, திரும்ப அங்கேயே வைத்தார்.

எட்டு மணிக்குக் குழி முழுவதும் ஆவுடையப்பனின் குரல் கேட்டது. “நான் நாள்காவலர் ஆவுடையப்பன் பேசுகிறேன். பாரசீக நாட்காட்டியில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. பாரசீகச் சபையைச் சேர்ந்த வீட்டார் அனைவரும் மணி அடிப்பதற்குள் தங்கள் மேசையைச் செந்தர நாளுக்கு மாற்றிவிடுங்கள். யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால் என் வீட்டுக்குச் சொல்லுங்கள்.” மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. பிழையை ஒப்புக்கொள்வதில் மன்னிப்பு அடங்கியிருக்கிறது என்பது அவர் எண்ணம்.

ஒன்பது மணி வரை எங்கள் வீட்டு மேசைக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை. ஒருவரும் உதவி கேட்கவில்லை. ஒருவரும் திட்டவில்லை. இதுதான் ஆவுடையப்பனை அச்சுறுத்தியது. எந்த வீடு எந்த நாட்காட்டியில் இருக்கிறது என்பது அந்தரங்கம். ஒப்பம் பொருந்தாத வீடு எது என்பது மட்டுமே நிலையத்துக்குத் தெரியும், அதுவும் மணி அடித்த பிறகு. மாற்றிவிட்டார்களா, கோபத்தில் மாற்றாமல் இருக்கிறார்களா என்று அறிய, போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

“நான் நடந்து போய்ப் பாத்துட்டு வாறேன்,” என்றார்.

“மாமா, நம்ம வீட்டு மேசையை மாத்திட்டுப் போயிருங்க. உங்க கைதானே வேணும்.”

“எல்லா வீடும் மாறினப்புறம் நம்ம வீடு.”

“இது என்ன கப்பலா, மாமா?”

“அதுக்குள்ள வந்திருவேன் உலகு.”

பாரசீகத் தெருவின் முதல் வீடு பஹ்ராமுடையது. பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்காட்டிப் போராட்டத்தில் ஒன்பது நாள் உண்ணாமல் கிடந்தவர். பத்தாம் நாள் மன்றம் இணங்கியபோது, ‘எங்கள் ஐந்து எங்களுக்கு வந்துவிட்டது’ என்று அழுதவர். அவரே கதவைத் திறந்தார்.

“பெஃபர்மாயீத், பெஃபர்மாயீத். உள்ள வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க.”

“உட்கார நேரமில்லை பஹ்ராம். மேசையை மாத்தியாச்சா?”

“அதெல்லாம் ஆச்சு. ஒரு வாய் தேநீர் குடிக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

பாரசீக வீட்டில் மூன்று முறை மறுத்தாலும் நான்காவது முறை கேட்பார்கள். தவறு செய்த மனிதர் அவர்கள் நீட்டும் தேநீரைத் தட்டிவிட்டுப் போவது எப்படி? ஆவுடையப்பன் உட்கார்ந்தார். கற்கண்டைப் பல்லில் கடித்தபடி தேநீரைப் பருகும்போது மேசையைப் பார்த்தார். செந்தர மாதம், செந்தர எண்கள். நெஞ்சு லேசானது. பிறகு மேசையின் அடியில், தம் குடும்பத்தின் பெயருக்கு மேலே, சிறிய எழுத்தில் இருந்த வரியைப் படித்தார். ‘அமைப்பு: தொடக்கத்தில் இருந்தபடி.’

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மேசையில் ஒரு முறை கைவைத்து நாட்காட்டியை மாற்றியிருந்தாலும், திரும்ப மாற்றியிருந்தாலும், மாற்றிய தேதியை அந்த வரி காட்டும். இது ஒருபோதும் மாற்றப்படாத மேசை.

“பஹ்ராம், இது எப்ப மாத்தினது?”

பஹ்ராம் கற்கண்டுக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். “ரெண்டு துண்டு எடுத்துக்கிடுங்க.”

“பஹ்ராம்.”

“மாத்தணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி. வந்த அன்னைக்கே மாத்தியிருக்கணும். அன்னைக்குக் கொண்டாட்டம், கூட்டம். மறுநாள் அலுப்பு. அப்புறம் பம்பு வேலையெல்லாம் செந்தர நாள்லதானே வருது, பிள்ளைங்க பள்ளிக்கூடமும் அப்படித்தான். ஒரு வேலையா உட்கார்ந்து மாத்தணும்னு... நாலு வருஷம் ஓடிட்டு.”

“ஒன்பது நாள் பட்டினி கிடந்தீங்களே ஐயா.”

“இன்னொரு ஒன்பது நாளும் கிடப்பேன்!” என்றார் பஹ்ராம். அவர் குரல் உயர்ந்தது. கண் கலங்கியிருந்தது. அதில் ஒரு துளி பொய்யும் இல்லை. “யாராவது அதை எடுக்கட்டும் பாப்போம். அது மேசைக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

இரண்டாவது வீட்டில் பேரீச்சை கொடுத்தார்கள். மேசையைத் துணியால் மூடியிருந்தார்கள். அது ஏன் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டுப் பெண், மேசைக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டே முழு உரையாடலையும் முடித்தாள். நான்காவது வீட்டில் அந்த வரி தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் இருந்தபடி. ஐந்தாவது வீட்டிலும். அங்கே வீட்டுக்காரர் தம்முடைய மனைவியைப் பார்த்து, “நீ மாத்தியிருப்பேன்னுல்லா நினைச்சேன்” என்றார். அவளோ, “என் கை செல்லாதுன்னு தெரியாதாக்கும் உங்களுக்கு” என்றாள். ஏழாவது வீட்டுக்குப் பிறகு ஆவுடையப்பன் மேசைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர்கள் கொடுத்ததை உண்டார். நலம் விசாரித்தார். நடந்தார். திரும்பிவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் மறுவீட்டை விட்டால், விடப்பட்டவர் தம் வீட்டு நிலை தெரிந்துதான் நாள்காவலர் வரவில்லை என்று கூசிப்போவார்.

பதினொன்றே காலுக்கு உலகம்மையின் குரல் அவர் மணிக்கட்டில் ஒலித்தது. “மாமா, பதினைஞ்சு நிமிஷம்தான் இருக்கு. எங்க நிக்கீங்க?”

“பதினாலாவது வீடு. பிஸ்தா கொடுத்திருக்காங்க.”

“பிஸ்தாவைப் பைல போட்டுக்கிட்டு வாங்க மாமா!”

“நீ வெளிய வந்திரு உலகு.”

“நாள்காவலர் வீட்டுல மணி நேரத்துல ஆள் இல்லாம இருக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்கதானே. நான் இங்கதான் நிப்பேன்.”

அவர் வேகமாக நடந்தார். அறுபத்தெட்டு வயதுக்கு அது நல்ல வேகம்தான். ஆனாலும், தெருமுனையைத் தாண்டும்போதே மணி அடித்தது.

வீட்டினுள்ளே உலகம்மை மேசையின் முன் நின்றாள். மேசை ஃபர்வர்தீன் ஒன்று என்று காட்டியது. அவள் உள்ளங்கையை வைத்தாள். காட்டியதைப் படித்திருந்தாலும் கதவு மூடத்தான் போகிறது. எப்படியும் மூடப்போகிற கதவுக்குப் பொய் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, “இன்று எஸ்ஃபந்த் முப்பது” என்று உரக்கச் சொன்னாள். காற்றுவாய் மூடியது. கதவு பூட்டிக்கொண்டது.

தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு வீடுகளில் அன்று ஒரே ஒரு வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டுச் சாவிகளோடும் எட்டு ஆட்களோடும் ஆயத்தமாக நின்ற தேவசகாயம், தம் பலகையை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு சாவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆவுடையப்பன் வாசலில் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார். தெரு முழுக்க ஆட்கள் நின்று பார்த்தார்கள். தேவசகாயம் இருபது நிமிடத்தில் கதவைத் திறந்தார். உலகம்மை வெளியே வந்து, “பிஸ்தா எங்க?” என்றாள். மாமனார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தம் நாட்காட்டிகளை எத்தனை வீட்டார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நாள்காவலருக்கு உண்டு. மூன்று தலைமுறையாக யாரும் கேட்டதில்லை. கேட்பது சந்தேகப்படுவதாகும் என்று பாட்டனார் சொல்லியிருந்தார். அன்று ஆவுடையப்பன் கேட்டார். தேவசகாயம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார். அதில் இரண்டு வரிகள் இருந்தன. பாரசீக நாள்: ஒரு வீடு. தமிழ் நாள்: வீடு எதுவும் இல்லை.

முதல் வரி அவருக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது வரியை அவர் நெடுநேரம் பார்த்தார். எண்ணூற்று நாற்பது வீடுகள். ஆண்டுதோறும் சித்திரை முதல் நாள் அவர் வீட்டுக்கு மாலையோடு வந்தவர்கள். “நம்ம எண்ணை நமக்கு மீட்டுத் தந்த குடும்பம்” என்று மேடையில் பேசியவர்கள். தமிழ் நாளை வைத்திருந்தது அவருடைய வீடு மட்டுமாக இருந்திருக்கிறது. அதையும் நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரே சோதனைக்காகப் பாரசீக நாளுக்கு மாற்றிவிட்டார்.

பிற்பகல் மன்றம் கூடுவதற்கு முன் மெஹ்ரங்கீஸ் கானும் வந்தார். உட்காரவில்லை.

“காலைலயே சொல்லியிருக்கணும். வாய் வரலை. என் வீட்டு மேசையும் அப்படித்தான் அண்ணாச்சி. சபைத் தலைவி வீட்டு மேசை.”

“ம்.”

“அம்பது வீட்டுக்குக் குறைஞ்சா நாட்காட்டியை எடுத்திருவாங்க. சட்டம் உங்களுக்குத் தெரியும். நீங்க அந்தச் சீட்டைக் காட்டினா உங்க பேரு நிக்கும். அடுத்தவர் வீடு ஒண்ணுக்கும் ஆபத்து வரலையே. காட்டாதீங்கன்னு கேக்க எனக்கு முகமில்லை. காட்டுங்கன்னு சொல்லவும் மனசில்லை.”

“நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம் கானும். வீட்டுக்குப் போங்க.”

மன்றத்தில் தலைவர் கேட்டார்: “உங்கள் பிழையால் எத்தனை வீட்டாருக்கு ஆபத்து?”

சீட்டு ஆவுடையப்பனின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் மூன்று தலைமுறைப் பெயர் மேசையில் நிற்கும். ஆனால் அந்தப் பெயருக்கு மேலே இருக்கும் இரண்டு நாட்காட்டிகளும் நிற்கா. இரண்டு சமூகத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்பார்கள். காலையில் தம் பெயருக்காக ஒரு சிறு பொய்கூடச் சொல்ல மறுத்தவர் அவர். இப்போதும் அவர் பொய் சொல்லவில்லை.

“அந்த நாட்காட்டியைக் கேட்டு வாங்கியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு வீட்டார்,” என்றார். “அதில் பிழை இருந்தது. அந்தப் பிழை என்னுடையது. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.”

தேவசகாயம் ஏதோ சொல்ல எழுந்தார். ஆவுடையப்பன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே எல்லா மேசைகளிலிருந்தும் எங்கள் பெயர் போயிற்று; நாட்காட்டிகளின் பொறுப்பை மன்றமே ஏற்றது. மறுநாள், திருத்தத்தின் சோதனை முடிந்த பிறகு, உண்மையான நவ்ரோஸ் அன்று, மேசையைப் பாரசீக நாளுக்கு மாற்ற எங்கள் வாசலுக்குப் பஹ்ராம் உட்பட முப்பத்திரண்டு பேர் வழி கேட்டு வந்தார்கள். ஆவுடையப்பன் ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக்கொடுத்தார். நவ்ரோஸின் பதின்மூன்றாம் நாள் விழா முடிவதற்குள் அவர்கள் பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டார்கள். தமிழ்ச் சமூகத்தாரோ கொதித்து எழுந்தார்கள். நம் நாளைக் காத்த குடும்பத்தின் பெயரை நீக்குவதா என்று மன்றத்தின் வாசலில் இரண்டு நாள் குந்தியிருந்தார்கள். எண்ணூற்று நாற்பது வீட்டாரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் தலைப்பில் செந்தர மாதமும் செந்தர எண்ணும்தான் இருந்தன. ஆவுடையப்பன் அதைப் படித்துவிட்டு, நன்றி என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

ஐம்பது வீட்டு விதி சென்ற ஆண்டு நீக்கப்பட்டது. ஆகவே இதை இப்போது சொல்வதால் யாருடைய நாட்காட்டிக்கும் கேடு இல்லை.

சொல்ல வேண்டியதாயிற்று. ஏனென்றால், ஆவுடையப்பன் இல்லத்தார் தமிழ் நாளைக் கைவிட்டுப் பாரசீக நாளுக்கு மாறிவிட்டார்கள் என்றும், அதற்குத் தண்டனையாகவே பெயர் போயிற்று என்றும் ஒரு பேச்சு தமிழ்த் தெருவில் நடக்கிறது. அது தவறு. சோதனைக்கென வைத்த ஐந்தாம் ஆண்டு முடிந்த அன்றே எங்கள் மேசை தமிழ் நாளுக்குத் திரும்பிவிட்டது. நேற்றைய நிலவரப்படி செங்குழியில் பாரசீக நாளை வைத்திருக்கும் வீடு எதுவும் இல்லை. தமிழ் நாளை வைத்திருக்கும் வீடு ஒன்று.